கோடு ஒதுங்கிப் போன இடம்

மலை சோப்பு வாசனை அடித்தது.

கடைகடையாக ஏறி இறங்கிச் சேர்த்த அட்டைப் பெட்டிகளில் பாதி சோப்புப் பெட்டிகள். மீதி பிஸ்கட், மெழுகுவத்தி, யாரோ டிவி வாங்கிய பெட்டி. அவற்றை வரைபடத்தின் உயரக் கோடுகளின்படி வெட்டிப் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க, பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில், சேர்த்துப் போட்ட பெஞ்சுகளின்மேல், ஒரு மலைத்தொடர் எழும்பி நின்றது. மேலே காகிதக் கூழ் பூசிக் காயவிட்டார்கள். பச்சை அடித்தார்கள். அப்போதும் வாசனை போகவில்லை.

"நம்ம காடு என்னைக்கு இவ்வளவு சுத்தமா இருந்துச்சு?" என்று தேன்காரர் மூக்கை உறிஞ்சினார்.

காட்டுக்குடிகளின் ஊர் அது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் காட்டை அளந்து, வரைந்து கொடுத்தால் அது உங்களுடையது என்று எழுதித் தருகிறோம் என அரசாங்கம் சொல்லியிருந்தது. அதுவரை காட்டுக்குப் படம் எதற்கு என்று இருந்தவர்கள், உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லையை நடந்தார்கள். கருவி நடந்த வழியைக் கோடாக்கியது. கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் கோத்து ஒரே படமாக்கியது அவன்.

அவன் அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகன். டவுனில் படித்தவன். அவனுடைய தாத்தாவும் இதே குடிதான். கூலிக்காகக் காட்டை விட்டு இறங்கியவர். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். படம் வரையும் வேலைக்கென்று வந்தான். கூட நடந்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ரோடு அறுந்து கிடந்ததால் ஜீப் வரவில்லை. அதற்குப் பிறகும் அவன் டவுனுக்குத் திரும்பவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேலை இருந்தது. செய்தான்.

அட்டை மலையைப் பார்க்க அன்றைக்கு ஊரே வந்திருந்தது. வரும்போது எல்லாருக்கும் வாய் ஓயாத பேச்சு. வாசல் தாண்டி உள்ளே கால் வைத்ததும் பேச்சு நின்றுபோனது. செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை, கழற்றினார்கள். பிறந்ததிலிருந்து உள்ளேயே இருந்து பார்த்த காடு. மரத்துக்கு அப்பால் மரம், திருப்பத்துக்கு அப்பால் திருப்பம் என்று துண்டு துண்டாகத்தான் அது அவர்களுக்குக் காட்டியிருந்தது. இப்போது ஒரே நேரத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, முழுதாகக் கிடந்தது. ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மலையின் அடிவாரத்துக்குக் கொண்டுபோய், கீழேயிருந்து மேலே பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இவ்வளவு பெருசா?" என்றது ஒரு குரல். குரலில் பயம் இருந்தது.

அப்புறம்தான் கலகலப்பு வந்தது. நீல ஊசி ஊற்று, மஞ்சள் ஊசி தேன்மரம், வெள்ளை நூல் நடைபாதை. ஆளாளுக்கு ஊசியை எடுத்துக்கொண்டார்கள். ஓடை இன்னும் கொஞ்சம் வளையும் என்று ஒருத்தி சொல்ல, உன் இடுப்பைவிடவா என்று இன்னொருத்தி கேட்க, வகுப்பறை சிரித்தது. தேன்காரர் தன்னுடைய மஞ்சள் ஊசி ஒன்று தம்பியின் பக்கத்தில் குத்தியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாருடா இதை இங்க குத்துனது? அது என் மரம்!"

"அண்ணே, அது அப்பா எனக்குக் காட்டுன மரம்."

"காட்டுனாரு. குடுக்கலை."

"பங்காளிச் சண்டையை அட்டையிலயும் ஆரம்பிச்சிட்டீங்களா? அட்டை தாங்காது, வெளிய போய்ப் போடுங்க" என்று இருவரையும் பிரித்துவிட்டாள் அவனுடைய மச்சினி. இறந்தவளின் தங்கை. காட்டுக் கண்காணிப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவில் எல்லாருக்கும் அவளிடம் பயம். தேன்காரருக்கு மட்டும் பயமும் பிரியமும்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்தார். நில அளவை அலுவலகத்திலிருந்து. மோசமான மனிதர் இல்லை. வாசலில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ படம் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணைப் பாத்ததில்லை" என்றார். உண்மையாகவே சொன்னார். மலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லைக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. விரலை நூலின்மேல் வைத்து, மலைமுகட்டோடு நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நூல் முகட்டை விட்டுச் சட்டென்று உள்ளே இறங்கியது. ஒரு பள்ளத்தை வெளியே விட்டுவிட்டு, ஓடையோரமாகவே சுற்றிப்போய், மறுபடி முகட்டில் ஏறிக்கொண்டது.

விரல் அங்கே நின்றது.

"இங்க மட்டும் ஏன் ஒதுங்கிப் போகுது?"

ஊசி பிடித்திருந்த கைகள் நின்றன.

"இந்தப் பள்ளத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள் மச்சினி.

அதிகாரி சிரித்தார். "ஒண்ணும் இல்லாத இடத்தை யாரும் இவ்வளவு பதனமாச் சுத்திப் போக மாட்டாங்களேம்மா."

அவனும் அந்த நூலைப் பார்த்தான். அந்தக் கோட்டை எத்தனை தரம் பார்த்திருப்பான். மறைப்பதற்காக விட்ட இடம், விட்டதாலேயே கையை நீட்டிக் காட்டிக்கொண்டு கிடந்தது. மலை முழுக்கத் தேடிப்பார்த்தாலும் கண் வேறெங்கும் போகாது.

"உங்களுக்கு வேண்டாம்னா சரி" என்றார் அதிகாரி, விரலை எடுத்துக்கொண்டு. "ஆனா தெரிஞ்சுக்குங்க. கோட்டுக்கு வெளிய இருக்கிறது மரக் குத்தகைக்குப் போயிடும். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே வெட்டிக்கிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசிப் படத்தைக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் என் கையில இல்லை."

வாசல் பக்கம் ஒரு அசைவு. கதவோரம் நின்றிருந்த மாமனார் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பள்ளத்தில்தான் ஊரின் இறந்தவர்கள் இருக்கிறார்கள். கல் நடுவதில்லை, மேடு கட்டுவதில்லை. பெரிய மரங்களுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். மாமனார் சிறு பையனாக இருந்தபோது, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வெளியாட்கள் வந்து தங்கினார்கள். இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு காலையில் பார்த்தால் பள்ளத்தில் குழிகள். வந்தவர்கள் போயிருந்தார்கள். மரப்பெட்டிகளில் வைக்கோல் சுற்றி எடுத்துப் போனவற்றில் மாமனாருடைய அப்பாவின் மண்டையோடும் ஒன்று. ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதனால்தான் எல்லை நடந்தபோது, கருவியைத் தன் மூத்த மகள் கையில் கொடுத்து, முகட்டில் ஏறவிடாமல் ஓடையோரமாகவே கூட்டிப்போனார். படத்தில் இல்லாத இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்த மகளையே அடுத்த மழைக்காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டிவந்தது.

அன்றைக்கு ஓடை வரைக்கும் அவனும் போனான். "நீங்க இங்கயே இருங்க மாப்ள" என்றார் மாமனார். இருந்துவிட்டான். காட்டை விட்டு இறங்கியவரின் பேரன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

வீட்டில் அடுப்பங்கரைதான் பெரிய அறை. சாயங்காலமே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பலகைச் சுவரின் இடுக்குகளில் புகை நூல் நூலாக வெளியேறும். மாமியார் வேகவைத்த கிழங்கைத் தோல் உரித்து ஒவ்வொரு தட்டிலும் வைத்தாள். சுட்ட மீனைப் பிட்டு மேலே வைத்தாள். சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டாள்.

மாமனார் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிட்டுட்டுக் கோவப்படுங்க. மீனு என்ன பண்ணுச்சு?" என்றாள் மாமியார்.

"நான் கோவமா இல்லை."

"அப்பத் தின்னுங்க."

"வெளிய விட்டா வெட்டுறவன் வருவான். உள்ள போட்டா தோண்டுறவன் வருவான்" என்றார் மாமனார். "ரெண்டு பக்கமும் கதவை வச்சுட்டு எந்தப் பக்கம் பூட்டச் சொல்றீங்க?"

"அப்பா, கோட்டை முகட்டுக்கு ஏத்திடலாம்" என்றாள் மச்சினி. "பள்ளம் உள்ள வந்துரும். எல்லாம் ஒரே பச்சை. அங்க ஊசி குத்தவா போறோம்? பேரு எழுதவா போறோம்?"

"அவன் விரலு எங்க போய் நின்னுச்சுன்னு பாத்தியா இல்லையா?"

"கோடு வளைஞ்சதாலதான் நின்னுச்சு! நேரா இருந்திருந்தா அவர் பாட்டுக்குப் போயிருப்பாரு. நாமதான் பள்ளத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கோம்."

"உங்கக்கா நடந்த கோடு அது."

"எனக்குத் தெரியாதா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கோட்டை மாற்றுகிறவன் அவன்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"கோட்டை ஏத்தணும்னா பழசை எடுக்கணும்" என்றான்.

"எடுங்க."

"அது அவ நடந்தது."

மச்சினி கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே வைத்தாள். அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பாறையருகே அவள் நின்று இளைப்பாறியிருக்கிறாள். அங்கே புள்ளிகள் கொத்தாக விழுந்திருக்கின்றன. இன்னொரு இடத்தில் வழி தவறிப் பத்தடி போய்த் திரும்பியிருக்கிறாள். அங்கே கோடு சின்னதாக நாக்கை நீட்டியிருக்கிறது. திருத்தம் செய்யும்போது அந்த நாக்கை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. அவளுடைய சேலை, சீப்பு எல்லாம் மாமியார் எடுத்து வைத்துவிட்டாள். இது மட்டும் அவனிடம் இருந்தது.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றாள் மாமியார் மெதுவாக. அவன் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. அழைப்பு இல்லை. எச்சரிக்கை மணி. குழுவின் போனில் அதற்கென்று ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். வானத்தில் சுற்றும் சாட்டிலைட் காட்டைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். நேற்று இருந்த பச்சை இன்றைக்கு இல்லையென்றால் அந்த இடத்தைச் சிவப்பாக்கி அனுப்பும். வந்தால் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எல்லையோரத்தில் யாராவது மரம் திருடியிருப்பார்கள்.

மச்சினி போனை எடுத்துப் பார்த்தாள். அப்படியே அவனிடம் நீட்டினாள்.

சிவப்புக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தின் நடுவில் இருந்தன.

"என்ன?" என்றார் மாமனார்.

"மரம் போயிருக்கு மாமா. உள்ள."

மாமனார் எழுந்து மூலையிலிருந்த அரிவாளை எடுத்தார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிஞ்சதும் போவோம். எல்லாரும் போவோம். இப்ப உட்காருங்க."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மாமனார் முன்னால். பின்னால் மச்சினி, தேன்காரர், மாமியார், கடைசியில் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன். தேன்காரரை யாரும் கூப்பிடவில்லை. கயிற்றையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வழியில் வந்து நின்றார்.

"கயிறு எதுக்குண்ணே?" என்றாள் மச்சினி.

"திருடனைக் கட்ட."

"தூக்குவாளி?"

"கட்டுன பிறகு பசிக்குமில்ல."

மாமனார்கூடச் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகவே கொஞ்சம் வேகமாக நடந்தார்.

இரவு பெய்த மழை இலைகளில் தங்கி, அவர்கள் தோள் பட்டதும் கொட்டியது. காற்றே இல்லை. தரையில் இலைச்சருகு ஊறி மெத்தையாக இருந்தது. கால் வைத்தால் சத்தம் வரவில்லை. மேலே போகப் போக மரங்கள் பருத்தன. இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் மரம், நான்கு பேர் கட்டிப்பிடிக்கும் மரம் என்று போய், பிறகு கட்டிப்பிடிக்கத் தோன்றாத மரங்கள் வந்தன. மாமனார் ஒன்றைக் கடக்கும்போது உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். தெரிந்த ஆளின் முதுகில் தட்டுவதுபோல. பின்னால் வந்தவர்களும் தட்டினார்கள். அவனும் தட்டினான். பட்டை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

வழியெங்கும் ஒரு காதை மேலேயே வைத்திருந்தார்கள். ரம்பச் சத்தம் வரவில்லை. வராததும் பயமாக இருந்தது. வேலை முடித்துப் போயிருந்தால்?

ஓடை வந்தது. மாமனார் தாண்டினார். மச்சினியும் தேன்காரரும் தாண்டினார்கள். அவன் நின்றான். போன மழையில் நின்ற அதே கரை. கருவியில் பார்த்தால் அவளுடைய கோட்டின்மேல் நின்றிருப்பான்.

மாமியார் தண்ணீரின் நடுவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாப்ள, வேண்டுதலா? கால் மரத்துப்போகுது, வாங்க."

"மாமா..."

மாமனார் அக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலேயே சொன்னார்: "அன்னைக்கு எனக்குப் புத்தி கலங்கியிருந்துச்சு. வாங்க."

தாண்டினான்.

அந்தப் பக்கம் போனதும் வெளிச்சம் மாறியது. பச்சையும் கறுப்புமாக ஒரு மங்கல். கண் பழக நேரமானது. பழகியபோது அவன் அண்ணாந்தான். பிறகு தலையைக் கீழே இறக்க முடியவில்லை. இத்தனை உயரத்தில் இலைகள் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அங்கே காற்று இருந்தது. கீழே ஒரு புல் அசையவில்லை. மேலே, வேறொரு ஊரில் அடிப்பதுபோல, காற்று அடித்துக்கொண்டிருந்தது. படம் வரைந்தபோது இந்த இடம் வெள்ளைத்தாளாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் மங்கல் திடீரென்று முடிந்தது. ஒரு கதவைத் திறந்ததுபோல் வெயில் நின்றது.

நடுவில் அந்த மரம் கிடந்தது.

வெட்டு இல்லை. ரம்பத்தூள் இல்லை. தானாகவே சாய்ந்திருந்தது. படுத்துக் கிடந்த நிலையிலும் அதன் உடம்பு அவன் தலையைவிட உயரம். விழும்போது பக்கத்து மரங்களின் கிளைகளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. வேர் மண்ணோடு பெயர்ந்து, ஒரு வீட்டுச் சுவர்போலச் செங்குத்தாக நின்றது. அதிலிருந்து இன்னும் மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே, மரம் இருந்த இடத்தில், வானம் ஒரு பெரிய ஓட்டையாகத் திறந்திருந்தது. அந்த வெயிலில் வண்ணத்துப்பூச்சிகள். எங்கிருந்து தெரிந்துகொண்டு வந்தனவோ. கிழிந்த பட்டையில் கசிந்த சாற்றில் மஞ்சளாக மொய்த்திருந்தன. தேன்காரர் கிட்டே போனதும் மொத்தமும் எழும்பின. அவர் தூக்குவாளியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பேசுகிற மனிதர், பேசவில்லை.

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பன் சின்னப் பையனா இருந்தப்பவே இது கிழ மரம்" என்றாள்.

திருடன் இல்லை என்ற நிம்மதி வந்த கையோடு இன்னொரு பயம் வந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. வேர் பெயர்ந்த இடத்தில் ஆழமான குழி. மரத்தின் அடியில்தான் வைப்பார்கள். அந்தக் குழியில் என்ன தெரியும்?

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மச்சினி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் மட்டும் போனார். விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தார். இறங்கினார். தலை மறைந்தது. கீழே கையால் மண்ணைத் தடவும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"ஏங்க?" என்றாள் மாமியார். "என்னங்க?"

"வேருதான்" என்றது குழிக்குள்ளிருந்து குரல். "முழுக்க வேருதான். வேற ஒண்ணுமே இல்லை."

மேலே ஏறி வந்தபோது அவர் கையில் ஒரு பிடி மண் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என் பாட்டி, அவ தங்கச்சி, எங்க சின்ன மாமன். இதே மரத்துக்கு அடியிலதான். நான் பாக்க வச்சது. ஒருத்தரையும் காணோம்." மண்ணை விரலால் நெருடினார். "எல்லாரும் வேராப் போயிட்டாங்க."

அவன் மாமியார் பக்கம் திரும்பினான். பல மாதமாகக் கேட்காத கேள்வி அது.

"அத்தை" என்றான். "அவ... எது?"

மாமியார் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"காட்ட மாட்டேன் மாப்ள. எனக்கே இன்னும் கொஞ்ச நாள்ல தெரியாமப் போயிடும். தெரியாமப் போகணும்னுதான் இங்க வைக்கிறது." கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். "இந்த இடம் பூராவும்னு வச்சுக்குங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். இத்தனை நாள் மனதில் ஒரு புள்ளி இருந்தது. வடக்கு இத்தனை, கிழக்கு இத்தனை என்று எண் போட்டுக் குறிக்கக்கூடிய புள்ளி; தனக்குத் தெரியாத எண். இப்போது புள்ளி இல்லை. மரங்கள் இருந்தன. அவற்றின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியான பக்கமாக இருந்தது.

மாமனார் திறந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஓட்டை வழியாத்தான் பாத்துச்சா அது?"

"ஆமாப்பா" என்றாள் மச்சினி.

"எங்க பாட்டி படுத்திருந்த மரம் விழுந்தது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு." அதில் கோபம் இல்லை. வியப்புதான். "அப்ப இத்தனை நாள் நான் எதை ஒளிச்சு வச்சேன்?"

"அதுக்கு மரம் விழுந்தது மட்டும்தான் தெரியும்பா. மரத்துக்கு அடியில யாருன்னு நாம சொன்னாத்தான் தெரியும். நாம சொல்லப்போறதில்லை. காடுன்னு மட்டும் சொல்வோம்."

"காடுதான" என்றார் தேன்காரர். அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "பொய்யும் இல்லையே."

மாமனார் கையிலிருந்த மண்ணை அது வந்த குழியிலேயே போட்டார். கையைத் தட்டிக்கொண்டு அவனிடம் நீட்டினார்.

"அந்தக் கருவியைக் கொண்டாங்க மாப்ள. முகட்டுக்குப் போவோம்."

ஏற்றம் கடுமையாக இருந்தது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, ஒருவரை ஒருவர் பிடித்து ஏறினார்கள். மாமியார் நடுவழியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "முன்னாடியே நேர்க்கோடு போட்டிருந்தா இந்த வயசுல எனக்கு இது வேணுமா?" என்று புருஷனைக் கேட்டாள். "நீ இளைச்சா நல்லதுதான்" என்றார் மாமனார் மேலேயிருந்து. "அப்படியா, இறங்கி வாங்க, வச்சுக்கிறேன்" என்றாள்.

முகட்டில் ஏறி நின்றபோது மறுபக்கம் தெரிந்தது. குத்தகைக்குப் போன பக்கம். அடிமரக் கட்டைகள், செம்மண் ரோடுகள், மரம் தூக்கும் ஒரு கொக்கி வண்டி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிழலே இல்லை. முகட்டின் விளிம்பு மரங்கள் சிலவற்றில் வெள்ளைப் பெயின்டில் வெட்டுக்கான புது எண்கள் எழுதியிருந்தன. பெயின்ட் வாசனை இன்னும் இருந்தது. மச்சினி ஒவ்வொரு எண்ணையும் போட்டோ எடுத்தாள். மாமனார் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்த மரங்களுக்கு வெளிப்பக்கமாக, விளிம்பை ஒட்டியே நடந்தார். ஒரு மரத்தையும் வெளியே விடவில்லை. சறுக்கும் இடத்தில்கூட மரத்தை வலப்பக்கம் வைத்தே போனார். தேன்காரர் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"யாரையாவது கட்டுவேன்னு சொன்னேனில்ல?"

பழைய கோடு முகட்டைவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கும் பாறையிலிருந்து, அது மறுபடி மேலே வந்து சேரும் பாறைவரை நடந்தார்கள். கடைசி அடி வைத்ததும் கருவி சின்னதாக ஒலித்தது. அவன் வாங்கிப் பார்த்தான். திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழே அவள் நடந்தது: பாறையருகே கொத்துப் புள்ளிகள், வழி தவறிய இடத்தில் அந்தச் சின்ன நாக்கு. மேலே அவளுடைய அப்பா இப்போது நடந்தது. எது எல்லை என்று கருவி கேட்டது.

அவளுடைய கோட்டைக் கடைசியாக ஒருமுறை முழுதாகப் பார்த்தான். விரலால் தொடர்ந்து போனான், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. பிறகு மேலே உள்ளதைத் தொட்டான். கீழ்க்கோடு மறைந்தது. பள்ளம், ஓடை, முகடு எல்லாம் பிசிறில்லாத ஒரே பச்சையாகச் சேர்ந்துகொண்டன.

நிமிர்ந்தான். கீழே பள்ளம் கிடந்தது. அடர்ந்த தலைகள், தலைகளுக்கு மேல் தலைகள். நடுவில், விழுந்த மரத்தின் இடத்தில் மட்டும் ஒரு வெயில் துளி. மேகம் ஒன்று முகட்டைத் தாண்டி இறங்கி, மெதுவாக அதை நிரப்பிக்கொண்டிருந்தது.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் கயிறு இன்னும் இருந்தது. திரையை எட்டிப் பார்த்தார். அதில் என்ன தெரிகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இப்ப அவ உள்ள இருக்காளா மாப்ள?"

"உள்ள இருக்கா மாமா."

"என் பாட்டி?"

"எல்லாரும்."

தலையாட்டினார். அவன் கையிலிருந்து கருவியை வாங்கி, சட்டைப் பைக்குள் போட்டு, பை மூடியின் பித்தானையும் போட்டுக்கொண்டார். பிறகு பையின்மேல் ஒரு கையை வைத்தபடியே இறங்க ஆரம்பித்தார்.